அவளுடைய ஃபாலோயர்களும் ஸ்டேஷன் ரோட்டு அறையும்

ரீல்ஸ் போடும் போன் செயலியில் அவளுடைய பக்கத்தில், ஃபாலோயர் எண்ணுக்குப் பின்னால் ‘கே’ என்ற எழுத்து முளைத்தது தை மாதத்தின் கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள், ஒரு திங்கட்கிழமை. காலையில் பார்த்தபோது வெறும் எண் இருந்தது. மதியம் ஒரு ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்து முடித்துவிட்டுப் பார்த்தபோது எழுத்து வந்துவிட்டிருந்தது. பத்தாயிரம் ஃபாலோயர்களைத் தாண்டிவிட்டால் அந்தச் செயலி கடைசி இலக்கங்களை எழுதும் சிரமத்தை விட்டுவிடுகிறது. ஓர் எழுத்தைப் போட்டு முடித்துக்கொள்கிறது. என் பக்கத்தில் ஒருவர் வந்தாலும் தெரியும், ஒருவர் போனாலும் தெரியும். அவள் பக்கத்தில் ஒரு தெருவே கோபித்துக்கொண்டு போனாலும் தெரியாது. எனக்கு முதலில் சுட்டது அந்த அலட்சியம்தான்.

நாள் குறித்து வைப்பது என் பழக்கம். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறத்தில் அன்று நடந்ததை இரண்டு வரி எழுதி, மாதம் முடிந்ததும் நூல் போட்டுக் கட்டி வைப்பேன். மழை பெய்தது, கரண்ட் போனது, யாருக்கு என்ன தைத்தேன், நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தை எந்தப் பக்கத்தில் விட்டேன், அவ்வளவுதான். அந்த வருடத்துத் தாள்களில் என் மகளைப் பற்றி எழுதியிருப்பதைவிட அவளைப் பற்றி எழுதியிருப்பது அதிகம்.

அவள் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வாடகை வீட்டின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருந்தாள். அவள் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். என்னை அக்கா என்பாள். நான் ப்ளவுஸ் தைக்கிறவள், அதில் மணியும் ஜரிகையும் பதிக்கும் ஆரி வேலையும் செய்வேன். வாசல் அறையில் ஒரு மிஷின், துணியை இழுத்துக் கட்டி வேலை செய்ய ஒரு ஆரிக் கட்டை. ப்ளவுஸ் கேட்டு வருகிற பெண்ணிடம் ‘மேக்கப்புக்கு ஆள் பார்த்தாச்சா?’ என்று நான் கேட்பேன். மேக்கப் கேட்டு வருகிறவளிடம் ‘அக்காகிட்ட தெச்சுக்கோ’ என்று அவள் சொல்வாள். பல வருடம் அப்படித்தான் போயிற்று. யாருக்கு யார் அதிகம் அனுப்பினார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்ததே இல்லை.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஸ்டேஷன் ரோட்டில், ரயில் இறங்கி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ் அறை. முன்னால் முழுக் கண்ணாடி. அதில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஆனி மாதத்தோடு காலி செய்யப் போகிறார் என்று கேள்விப்பட்டு, தைப்பூசத்துக்கு மறுநாளே ஓனரைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை, அதற்கு நான் வேலை செய்த கல்யாண ப்ளவுஸ், அந்தி வெயில் பட்டு ஜரிகை மின்னுகிறது என்று மனத்துக்குள் பலமுறை கடை திறந்துவிட்டிருந்தேன். என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். எதையும் மறுக்க மாட்டார், ஆனால் எதற்கும் ஒரு நிபந்தனை வைப்பார்.

“தெருக்காரங்களுக்குத் தைக்க வாசல் ரூம் போதும். அந்த ரூம் எடுக்கணும்னா வெளியாள் வரணும். ஆவணிக்குள்ள வர்றாங்களான்னு பாரு. வந்தா எடுத்துக்கலாம்” என்றார்.

வெளியாள் வருவதற்கு இந்தக் காலத்தில் ஒரே வழிதான் என்று என் மகள் சொன்னாள். போனில் எனக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். ஆக, ஃபாலோயர்கள் வந்தால் வாடிக்கையாளர் வருவார்கள், வாடிக்கையாளர் வந்தால் அந்த அறை என்னுடையது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் அயனம்பாக்கத்துப் பெண்ணின் கல்யாணம் வந்தது. அவளுக்கு நான் ப்ளவுஸ், இவள் மேக்கப்.

கல்யாணப் பெண்ணின் முதுகில் ஆரி வேலை செய்வது ஒரு விசித்திரமான தொழில். நாட்கணக்கில் குனிந்து ஊசி போட்டு முதுகை நிரப்புவோம். முகூர்த்தத்தன்று பூ வைத்த ஜடை அதன் மேல் இறங்கும், அதற்கும் மேல் மாலை விழும். மேடையில் நிற்கும்போது வெளியே தெரிவது ப்ளவுஸின் கைப்பகுதியில் இருக்கும் வேலை மட்டும்தான். ஆனாலும் முதுகில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அயனம்பாக்கத்துப் பெண்ணுக்கு முதுகில் ஒரு பல்லக்கு. தூக்குகிறவர்கள் நான்கு பேர். நால்வர் தலைப்பாகைக்கும் நான்கு நிற நூல். பல்லக்கின் திரை காற்றில் விலகினாற்போல் ஒரு மடிப்பு, உள்ளே மணப்பெண்ணின் கை மட்டும். அந்தக் கைக்கு வளையல் வைத்த அன்று தாளில் நான் எழுதியிருப்பது: ‘வளையல் முடிந்தது. என்னால் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.’

முகூர்த்தத்தன்று மண்டபத்து மேக்கப் அறையில் ஜடை பின்னுவதற்கு முன் அந்தப் பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, “மெதுவா திரும்பும்மா” என்று சொல்லி மேக்கப்காரி வீடியோ எடுத்திருக்கிறாள். முகம், தோள், பிறகு முழு முதுகு. பல்லக்கு வெளிச்சத்தில் அப்படியே போவது போல இருந்தது. அந்த வீடியோதான் ஓடியது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். ‘ப்ளவுஸ் சூப்பர்’, ‘ப்ளவுஸ் எங்கே தெச்சது’, ‘பல்லக்கு வேலைக்கு எவ்வளவு ஆகும்’ என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் அவளைப் பின்தொடர்ந்தார்கள். முகம் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர், முதுகு பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரிக்க வழியில்லை. நான் பிரித்து வைத்திருந்தேன்.

அந்த வாரமே அவள் ஒரு பாவாடையில் இடுப்பு நாடா மாற்ற என்னிடம் வந்தாள்.

“இன்னாக்கா இது, போன் நிக்கவே மாட்டேங்குது. டிங்கு டிங்குனு வந்துகினே கீது. எங்க ஊட்டுக்காரு, இத்தத் தூக்கி தண்ணித் தொட்டில போட்டுருவேன்றாரு.”

“எல்லாரும் ப்ளவுஸைத்தானே கேக்கறாங்க” என்றேன், நாடாவைப் பார்த்துக்கொண்டே.

“ஆமாக்கா! உன் வேலதான் அள்ளிகினு போவுது. நான் சொல்லல, நீ கெத்துனு?”

“என் பேரை எங்கயாவது போட்டியா?”

“போட்டனேக்கா. ப்ளவுஸ் கேட்டவங்களுக்குக் கீழ கமெண்ட்ல போட்டுகீறேன் பாரு.”

பார்த்தேன். கீழே போய்க்கொண்டே இருந்தேன். நெருப்புப் படங்கள், இதயப் படங்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட இருவர், எல்லோரையும் தாண்டி நான் இருந்தேன். எனக்கு நேர் மேலே எடை குறைக்கும் பொடி விற்கிற ஒருவர் இருந்தார். அவரை நாலைந்து பேர் விசாரித்திருந்தார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை.

“ஏன்க்கா மூஞ்ச தூக்கி வச்சுகினு கீற?” என்றாள்.

“கண் வலி” என்றேன். நாடாவுக்குக் காசு வாங்கவில்லை. காசு வாங்கினால் கோபம் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

என் பக்கத்தை நான் கவனமாகவே நடத்தினேன். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தத் தையல் எப்படி வந்தது, எந்தப் பக்கத்து வேலை, ஏன் இந்த மணி, ஏன் அந்த மணி இல்லை என்று நான்கு பத்தி எழுதுவேன். எழுதி, திருத்தி, சந்திப்பிழை பார்த்துப் போடுவேன். மகள் ஒருநாள் படித்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ரீல்ஸ்மா. மியூசியம் இல்ல.”

“விஷயம் வேண்டாமா?”

“வேணும். ஆனா ஜனங்க பஸ்ல நின்னுட்டே பாப்பாங்க. நீ உக்காந்து படிக்கச் சொல்ற.”

மேக்கப்காரியின் வீடியோக்களில் விஷயம் ஒன்றும் இருக்காது. “வணக்கம் மக்களே, இன்னிக்கு இன்னா பண்ணப் போறோம்னா” என்று ஆரம்பித்து, என்ன பண்ணப் போகிறோம் என்பதை மறந்துவிடுவாள். சிரிப்பாள். கல்யாணப் பெண்ணும் சிரிப்பாள். ஐ-லைனர் கோணலாகும். “அய்யே, உன்னாலதான்மா” என்பாள். பஞ்சை எடுத்துத் துடைப்பாள். அதையும் வெட்டாமல் போடுவாள். அதைப் பார்க்க அத்தனை பேர். பாபினில் நூல் தீரும் ஒவ்வொரு முறையும் நான் அவள் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். நூல் தீராதபோதும் பார்த்தேன். அவள் செய்வதில் குறை கண்டுபிடிப்பது ஒரு வேலையாகிவிட்டது. வலது புருவம் எப்போதும் இடதைவிடச் சற்று உயரமாக வரும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் கேட்கவும் இல்லை.

மாசியில் எனக்கும் ஒரு வழி பிறந்தது என்று நினைத்தேன். ஆவடி மார்க்கெட்டில் நான் நூல் வாங்கும் கடைக்காரப் பெண், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கான ஒரு போன் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று எல்லாப் பக்கத்துப் பெண்களும் அதில் இருந்தார்கள். சட்டம் எளிது. காலையில் யாராவது தன் பக்கத்தைப் போடுவாள். மற்றவர்கள் எல்லோரும் போய்ப் பின்தொடர்ந்துவிட்டு ‘டன்’, அதாவது முடிந்தது, என்று எழுத வேண்டும். பதிலுக்கு அவளும் எல்லோரையும் பின்தொடர வேண்டும். செய்யாதவளைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்: ‘சிஸ், நேத்து எனக்கு நீங்க டன் போடல.’ மொய் எழுதுகிற முறைதான் அது. வைத்தால் வரும், வைக்காவிட்டால் விசாரணை வரும்.

நான் ஒழுங்காக வைத்தேன். சாதம் வடித்துவிட்டு டன், முதுகுப் பக்கம் வெட்டிவிட்டு டன். என் எண் ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் தாளில் குறித்தேன். அதைவிட, என் படங்களுக்குக் கீழே பேச்சு வர ஆரம்பித்தது. பூந்தமல்லிக்காரி ஒருத்தி எந்தப் படத்தையும் விடமாட்டாள். ‘வேற லெவல் அக்கா. இது என்ன நம்பர் நூல்?’ ‘மணி எந்தக் கடையில அக்கா வாங்குறீங்க?’ ‘கட்டையில துணி தொய்யாம எப்படிக் கட்டுறீங்க?’ என்னிடம் இத்தனை நாள் யாருமே இப்படிக் கேட்டதில்லை. என் மகள் கேட்டதில்லை. அவளுக்கு நான் நூல் எண், சௌகார்பேட்டையில் எந்தச் சந்துக்குள் போக வேண்டும், கடைக்காரர் முதலில் காட்டும் மணியை ஏன் வாங்கக் கூடாது, துணியின் ஓரத்தில் காடாத் துணியை வைத்துத் தைத்துக் கட்டையில் ஏற்றும் முறை என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். ஒருமுறை பல்லக்கின் திரை மடிப்பை எப்படிப் போட்டேன் என்று கேட்டாள். துணியில் தனியாக ஒரு மடிப்புப் போட்டு, படம் படமாக எடுத்து விளக்கினேன். அன்று மதியச் சாப்பாடு தள்ளிப்போனது.

என் கணவரிடம் போனைக் காட்டினேன்.

“யாரு இவங்கல்லாம்?”

“ஃபாலோயர்ஸ்.”

“இதுல யாராவது துணி கொண்டாந்து குடுத்தாங்களா?”

“வருவாங்க. முதல்ல நம்பிக்கை வரணும்.”

அவர் போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். “எல்லாப் படத்துலயும் தையல் மிஷினா இருக்கு” என்றார்.

அவர் சொன்னது எனக்கு உறைத்தது சித்திரையில்தான். வைகாசிக் கல்யாணத்துக்காக என்னிடம் வருவதாக இருந்த ஒரு பெண்ணின் அம்மா போன் செய்து, வரவில்லை என்றார். “தப்பா நெனச்சுக்காதீங்க. அதே பல்லக்கு, அதே தலைப்பாகை, பூந்தமல்லியில ஒரு பொண்ணு பண்ணிக் குடுக்குது. கொறச்சலா கேக்குது” என்றார். அதே தலைப்பாகை என்ற சொல் என் காதில் நின்றுவிட்டது.

அன்று என் ஃபாலோயர்களை ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன். மிஷின், கத்தரிக்கோல், ஊசி, மறுபடி மிஷின். முகம் வைத்திருந்தவர்களும் திறந்தால் உள்ளே ப்ளவுஸ்தான். என்னைப் பின்தொடர்ந்தவர்கள் எல்லோரும் தையற்காரிகள். ஒருத்திக்கும் ப்ளவுஸ் தேவையில்லை. எல்லோருக்கும் டிசைன் தேவை. கல்வெட்டுகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். மன்னர்கள் தங்கள் படையைப் பற்றி எவ்வளவோ பெருமையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் படையில் பாதிப்பேர் பக்கத்து நாட்டு ஒற்றர்கள் என்று எந்த மன்னனும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. எனக்கு அதுகூடத் தெரியாமல், நானே வாசலில் நின்று, சௌகார்பேட்டைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பூந்தமல்லிக்காரி மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் வந்தது பொறாமை, அதுவும் மேக்கப்காரி மேலேயே. அவளுடைய ஃபாலோயர்கள் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள், அவர்களின் தங்கைகள், அம்மாக்கள். யாரிடமும் டன் போடாமல், யாருக்கும் மொய் வைக்காமல் வந்தவர்கள். பல்லக்கைப் பார்த்து வந்தவர்கள். அவர்கள் எனக்கு வர வேண்டியவர்கள் என்ற எண்ணம் அன்று நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

ஆனி முடிந்து செல்போன் கடை காலியானதும் ஓனரைப் பார்க்கப் போனேன். அவர் அந்தக் கட்டடத்தின் மாடியிலேயே இருக்கிறார். பழைய ஆள், ஒளிவுமறைவு இல்லாதவர்.

“இன்னாம்மா, ரூமு வேணும்னுட்டுப் போன, அப்பால ஆளையே காணோம்?”

“வேணும் ஐயா. சாவி எப்ப தருவீங்க?”

“ஆடில எவம்மா பால் காய்ச்சுவான்? ஆவணி பொறக்கட்டும். ஆனா ஒரு விசயம். அந்த மேக்கப் போடற பொண்ணும் வந்து கேட்டுகினு போச்சு.”

நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“எந்தப் பொண்ணு?”

“அதாம்மா, வீடியோல வருமே. எம் மருமவ அடுப்புல பாலு பொங்கறதுகூடத் தெரியாம அத்தப் பாத்துகினு கீறா. அந்தப் பொண்ணு இங்க கட போட்டா நம்ம பில்டிங்கே பேமஸாய்டும்ன்றா.”

“நான்தான் முதல்ல கேட்டேன். தைப்பூசத்துக்கு மறுநாள். அன்னிக்கு நீங்க மாடிப்படிக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டு இருந்தீங்க.”

“நாளெல்லாம் கரீட்டா சொல்றம்மா நீ, இல்லேன்னு சொல்லல. ஆனா ரெண்டு பேருமே எனக்கு வேண்டப்பட்டவங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு பண்ணிகினு வாங்க. ஆடி முடியற வரிக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

ஆடி மாதம் நல்ல காரியத்துக்கு ஆகாது என்பார்கள். பொறாமைக்கு அதைவிட வசதியான மாதம் இல்லை. கல்யாணம் கிடையாது, கட்டையில் வேலை கிடையாது, யோசிக்க நேரம் நிறைய. இரண்டாவது வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலில் ஊற்றிய கூழைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அவளே வந்தாள்.

“ஓனரு சொன்னாருக்கா. நீயும் கேட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

“நீயும் என்கிட்ட சொல்லலையே.”

“நீ கேட்டது எனக்கு எப்டிக்கா தெரியும்? தெரிஞ்சா போவனா? சரி வுடு, கூழு ஆறிடும், குடி.” நான் குடிக்கும்வரை காத்திருந்தாள். “நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ரூமு நல்லா நீளமா கீது. முன்னாடி நானு, பின்னாடி நீ. நடுவுல ஒரு ஸ்கிரீன் கட்டிக்கலாம். மேக்கப்புக்குப் பொண்ணு வந்தா ப்ளவுஸும் அங்கியே. வாடக பாதி பாதி. இன்னா சொல்ற?”

“போர்டு?”

அவள் இதை யோசித்திருக்கவில்லை. நிஜமாகவே யோசித்தாள்.

“போர்டு எம் பக்கத்துப் பேருலயே இருக்கட்டுங்க்கா. வீடியோ பாத்துட்டு வர்றவங்க அத்தத்தானே தேடுவாங்க? கீழ உன் பேரு போட்டுக்கலாம். நல்லாத் தெரியறாப்லயே போட்டுக்கலாம்.”

சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அநியாயமாக ஏதாவது கேட்டிருந்தால் எழுந்து நின்று பேசியிருப்பேன். பின்பக்கம் வெளிச்சம் பத்தாது என்றேன். விளக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். தூசி என்றேன். ஸ்கிரீன்தான் இருக்கிறதே என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

யோசித்தேன். மகளும் கணவரும் ஒரே பக்கம் நின்றார்கள். “வெளியாள் வரணும்னுதானே சொன்னேன், அந்தப் பொண்ணுகிட்ட வர்றாங்களே” என்றார் அவர். அவருடைய நிபந்தனை நிறைவேறிவிட்டது. என் கண்ணாடிதான் இல்லை. என் பொம்மை ஸ்கிரீனுக்குப் பின்னால் நிற்கும். ஆனாலும் அறை அறைதான். ஆடிப்பெருக்கன்று கலந்த சாதம் கட்டிக்கொண்டு, சரி என்று சொல்லிவிடத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். இதைத் தெளிவாக எழுதி வைக்க விரும்புகிறேன்: வாசல் ஏறும்வரை சரி என்றுதான் இருந்தேன்.

அவள் நேரலையில் இருந்தாள். போன் ஒரு ஸ்டாண்டில் நிற்க, யாருக்கோ முகத்தில் என்ன பூச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாக்கா, வாக்கா! கரீட்டா வந்த பாரு. மக்களே, அந்தப் பல்லக்கு ப்ளவுஸ் ப்ளவுஸ்னு கேட்டுகினே இருந்தீங்களே, இவங்கதான். எங்க டெய்லரக்கா!”

திரையில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. ஓரத்தில் இதயங்கள் மேலே மேலே பறந்தன. ‘ஹாய் டெய்லர் அக்கா’ என்று யார் யாரோ எழுதினார்கள். இத்தனை மாதமாக நான் ஆசைப்பட்டது நடந்துகொண்டிருந்தது. அவளுடைய ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், என் வேலையைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் ‘எங்க டெய்லரக்கா’ என்ற அந்தச் சொல் எனக்குள் போய் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. எங்க வேலைக்காரம்மா, எங்க பால்காரரு என்பது போல. அவள் பிரியத்தோடுதான் சொன்னாள். பிரியத்தோடு சொன்னது இன்னும் எரிந்தது. நான் சிரித்தேன், கை காட்டினேன், வணக்கம் சொன்னேன். ‘அக்கா இன்னும் பேசுங்க’ என்று ஒருவர் எழுதினார். நான் போனுக்கு முன்னாலிருந்து நகர்ந்துகொண்டேன்.

அவள் போனை அணைத்ததும் சாதத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: “பின்பாதி எனக்குச் சரிப்படாதும்மா. நீயே எடுத்துக்கோ.”

“ஏன்க்கா? இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. எனக்கு வாசல் ரூமே பழகிடுச்சு.”

“அப்போ முன்பாதி நீ எடுத்துக்கோ, நான் பின்னாடி போறேன். எனக்கு எங்க குந்தினா இன்னா?”

இதை அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் விட்டுக் கொடுத்து எனக்குக் கிடைக்கும் முன்பாதியை நான் எப்படி வாங்கிக்கொள்வது? வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை வேண்டாம் என்றேன். தெருவில் நடந்து வரும்போது ஜெயித்துவிட்டது போல ஒரு நிமிர்வு இருந்தது. ஸ்டேஷன் ரோட்டுத் திருப்பம் வரை இருந்தது.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் அவள் பால் காய்ச்சினாள். போகாமல் இருந்தால் எல்லோரும் காரணம் கேட்பார்கள், அதனால் போனேன். வாசலில் வாழைமரம், உள்ளே கூட்டம். பாதிப்பேர் அவளைப் போனில் மட்டும் பார்த்தவர்கள். நேரில் பார்க்க ரயில் ஏறி வந்திருந்தார்கள். எனக்குக் கேசரியைக் கொடுத்துவிட்டு, “பின்னாடி வந்து பாருக்கா” என்று ஸ்கிரீனை விலக்கினாள்.

பின்னால் ஒரு ஆரிக் கட்டை போட்டிருந்தது. அதன் முன்னால் ஒல்லியாக ஒரு பெண், கையில் ஊசியோடு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“அக்கா! நீங்களா! நான் உங்க ஃபாலோயர்க்கா. பூந்தமல்லி.”

என்னிடம் நேரில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான், இன்றுவரை.

“இவங்கள எங்க பிடிச்ச?” என்று மேக்கப்காரியிடம் கேட்டேன்.

“உன் பக்கத்துலதாங்க்கா. நீ வர மாட்டேன்ட்ட, எனக்கு ஆரி தெரிஞ்ச ஆளு வேணும். யாரக் கேக்கறது? உன் போஸ்டுக்குக் கீழ எல்லாத்துலயும் இந்தப் பொண்ணு கீது, நீயும் அதுக்குப் பொறுமையா பதில் போட்டுகினு கீற. அக்காவே இவ்ளோ சொல்லித் தருதுன்னா நல்ல பொண்ணாத்தான் இருக்கும்னு கூப்ட்டேன்.” சொல்லிவிட்டு முன்னால் யாரோ அழைக்கப் போய்விட்டாள்.

கட்டையில் ஏறியிருந்தது ஒரு முதுகு. பல்லக்கு இல்லை, தேர். ஆனால் திரை மடிப்பு என்னுடையது. பூந்தமல்லிக்காரி ஊசியைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

“இந்த இடத்துல மணி வரிசை வளையறப்போ ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதுக்கா. நீங்க சொன்ன நூல்தான் போட்டேன். என்ன தப்பு பண்றேன்?”

பார்த்ததுமே தெரிந்தது. வளைவில் ஒவ்வொரு மணியையும் வைத்த உடனே அடித் துணியோடு ஒரு தையலால் கட்ட வேண்டும். அவள் வரிசை முடிந்த பிறகு கட்டுகிறாள். சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். வாய் சொல்லவில்லை, கை போய் ஊசியை வாங்கிக்கொண்டது. உட்கார்ந்தேன். ஒரு மணி, ஒரு கட்டு, ஒரு மணி, ஒரு கட்டு. வளைவு படிந்து வந்தது. அவள் என் தோளருகே குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தாள். ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். மேக்கப்காரி ஏதோ சொல்ல, மறுபடி சிரித்தார்கள். அறை நீளமாக, குளுகுளு என்று, நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. கட்டைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டை போடும் அளவுக்கு இடம் இருந்தது. அப்போதுதான் நான் உட்கார்ந்திருந்தது நான் வேண்டாம் என்ற அதே பின்பாதி என்று பட்டது. வரிசையைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

“மீதியை நீயே பார்த்துக்கோ” என்றேன்.

“அக்கா, இன்னும் ரெண்டு மணிதான்...”

கேசரியை அங்கேயே வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு ரூம்?” என்றார்.

“ரொம்பச் சின்னது” என்றேன். ரசம் ஊற்றினேன்.